கடைமடைக்காரரின் கேள்வி

தஞ்சாவூரில் ஒரு கிளினிக்கில் நரம்பு டெஸ்ட் எடுப்பது என் வேலை. கணுக்காலில் ஒரு சின்ன ஷாக், முழங்காலில் ஒன்று. பாதத்துத் தசை எத்தனை நேரத்தில் துடிக்கிறது என்று மெஷின் காட்டும். வருகிறவர்களுக்கு அது ‘கரண்ட் வைக்கிற டெஸ்ட்’. பயந்துகொண்டேதான் படுப்பார்கள்.

பயம் தெளியட்டும் என்று எல்லோரிடமும் ஒன்றே சொல்வேன்: “மேட்டூர்ல திறந்தா வாய்க்கால் வழியா வயலுக்கு வருதுல்ல, நரம்புல சேதி போறதும் அது மாதிரிதான்.” பேராவூரணிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பல வருஷச் சர்க்கரை, கால் மதமதவென்று இருக்கிறது என்று வந்தவர், கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப கடைமடைக்குப் பாதிதானே தம்பி வந்து சேரும்?”

எனக்குப் பதில் வரவில்லை. தினமும் திரையில் பார்ப்பதை அன்றுதான் யோசித்தேன். நல்ல நரம்பில் இரண்டு ஷாக்குக்கும் தசை துடித்துத் திரையில் எழும் இரண்டு அலையும் ஏறக்குறைய ஒரே உயரம். முழங்காலிலிருந்து 30 சென்டிமீட்டர் கூடுதலாக வந்தாலும் செய்தி தேய்வதில்லை. நொடியில் ஆயிரத்தில் 7 பங்கு தாமதம், அவ்வளவுதான்.

ஏனென்றால் அங்கே தலைமடையிலிருந்து எதுவும் ஓடி வருவதில்லை. சும்மா இருக்கும் நரம்பு இழையின் உள்பக்க மின்னழுத்தம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டியதும் அந்த இடத்துக் கதவுகள் திறந்து, வெளியே நிற்கும் சோடியம் உள்ளே பாயும். அந்த மாற்றம் அடுத்த கதவைத் திறக்கும். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு மடையும் தன் பக்கத்துக் குளத்திலிருந்தே நீர் எடுத்துக்கொள்கிற மாதிரி. மயலின் என்ற கொழுப்பு உறை உள்ள இழையில் இந்தக் கதவுகள் கணுக்களில், அதாவது உறை விட்டுப்போகும் சின்ன இடைவெளிகளில்தான் நெருக்கமாக இருக்கும். செய்தி கணுவுக்குக் கணு தாவும்.

ஆனால் பெரியவர் சொன்னதும் முழுத் தப்பு இல்லை. பாதத்துக்கு வரும் இழையின் செல் முதுகுத்தண்டுப் பக்கம் இருக்கிறது. இழைக்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் போக வேண்டும். வேகமான சரக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர்தான். பாதம் சேர இரண்டு மூன்று நாள். சர்க்கரையில் முதலில் நலிவதும் நீளமான இழைகள்தான். அவருடைய திரையில் இரண்டு அலையுமே குட்டை. மிச்சமிருந்த இழைகள் செய்தியை முழுசாகத்தான் கொண்டுவந்தன, இழைகள்தான் குறைவு.

அடுத்த முறை வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். “சரி, சேதி வந்துடுது, சோறுதான் வரலேங்கிற” என்றபடி, வேட்டியை மடித்துக்கொண்டு காலை நீட்டினார்.