கச்சோ அன்னைக்கு முடிச்ச விதம்

"ஷோச்சி இதாஷிமாஷிதா. தெவா, ஷானாய் தெ கென்தோ சஸெதெ இதாதாகிமாஸ்." கச்சோ, அதாவது எங்க ஜப்பான் கிளையன்ட் கம்பெனியோட செக்ஷன் தலைவர், சொன்னது இவ்வளவுதான். புரிஞ்சுது, எங்க ஆபீஸ்ல பேசிப் பாக்குறோம்னு அர்த்தம். ஜப்பானீஸ் கொஞ்ச நாள் படிச்ச பசங்ககூட இத மொழிபெயர்த்துடுவாங்க. ஆனா அத கேட்ட உடனே எனக்கு வயித்த கலக்கிடுச்சு, அவசரமா மியூட் போட்டு சென்னை லைன்ல மேனேஜர்கிட்ட நான் சொன்னது கச்சோ சொன்னதவிட அதிகம். அதான் இன்னும் உறுத்திட்டு இருக்கு.

சண்டை என்னவோ எல்லா ப்ராஜெக்ட்லயும் வர்ற சண்டைதான், இது எங்க கோட்ல இருக்குற தப்பா (பக்), இல்ல அவங்க கேட்ட வேலையே மாறுதா (ஸ்பெக் சேஞ்ச்). 2023 அக்டோபர்ல இருந்து இன்வாய்ஸ் சிஸ்டம்னு வரி பில்லுக்கு புது விதி வருதுன்னு ஜப்பான்ல பில் போடுற சாஃப்ட்வேர் எல்லாத்தையும் மாத்திட்டு இருந்த நேரம். பில்லுல ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் வரணும், 8 சதவீதம் 10 சதவீதம் ரெண்டையும் தனித்தனியா காட்டணும், ரவுண்டிங் ஒரு பில்லுக்கு ஒவ்வொரு ரேட்டுக்கும் ஒரே ஒரு தடவைதான் பண்ணணும். எங்க கோட் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வரிய ரவுண்ட் பண்ணி அப்புறம் கூட்டிட்டு இருந்துச்சு, ஏன்னா அவங்க குடுத்த ஸ்பெக்ல அப்படித்தான் இருந்துச்சு. ஸ்பெக் மாறுது, தனியா காசு ஆகும்னு நாங்க மித்ஸுமோரி, அதாவது கொட்டேஷன், அனுப்பினோம். சட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்தத்தானே வேலையே குடுத்தோம், இது உங்களுக்கு தெரிஞ்சிருக்கணுமேன்னு அவங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு, இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் பிரிட்ஜ் எஸ்இ. டோக்கியோல கிளையன்ட் ஆபீஸ்ல உக்காந்துட்டு இவங்க சொல்றத அவங்களுக்கும் அவங்க சொல்றத இவங்களுக்கும் சொல்றதுதான் பாதி வேலை. கச்சோகூட ரொம்ப நாளா வேலை பாத்திருந்தேன். ஆரம்பத்துல எல்லாம் தெஸ், மாஸ்னு மரியாதையாதான் முடிப்பார், போகப்போக அதுக்கு நடுவுல வெறும் ஃபார்ம், அதாவது அந்த மரியாதை முடிப்பு இல்லாத பேச்சு, வர ஆரம்பிச்சுது. ஆமால்லங்கிற மாதிரி "ஸோ தா யோ நெ"ம்பார், "ஜா, ஓநெகாய் நெ"ன்னு வேலைய குடுத்துட்டு போவார், நான் ஏதாவது சொன்னா சரி சரின்னு "ரியோகாய், ரியோகாய்"னு கையாட்டிட்டே நடப்பார். இங்க வந்து வேலை பாத்தவங்களுக்கு தெரியும், கிளையன்ட் ஒருத்தர் வெண்டர் ஆள்கிட்ட அப்படி பேச ஆரம்பிச்சா ஒண்ணு நம்மள கீழ வச்சு பேசுறார், இல்ல கிட்டத்துல சேத்துக்கிட்டார். இவர் விஷயத்துல ரெண்டாவதுதான்னு எனக்கு சந்தேகமே இல்ல. ராத்திரி லேட் ஆனா கடைக்குப் போய் எனக்கும் சேத்து காபி வாங்கிட்டு வர்ற மனுஷன்.

அப்படிப்பட்டவர் அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணி மீட்டிங்ல, சென்னைல அப்போ பத்தரை, எங்க மேனேஜர் மித்ஸுமோரிய குறைக்க முடியாதுன்னு சொன்னத நான் ஜப்பானீஸ்ல முடிஞ்சவரைக்கும் பதமா சொல்லி முடிச்சதும், ரியோகாயும் இல்லாம வகாரிமாஷிதாவும் இல்லாம நேரா ஷோச்சி இதாஷிமாஷிதாவுக்கு போயிட்டார். புரிஞ்சுதுன்னு சொல்ல வகாரிமாஷிதான்னாலே போதும், ஷோச்சி ஷிமாஷிதான்னா இன்னும் ஒரு படி மேல, அதுல இதாஷிமாஷிதாவையும் வச்சா தன்னை தாழ்த்தி எதிராளிகிட்ட பணிவு காட்டுற பேச்சு. காசு குடுக்குறவர் காசு வாங்குறவங்ககிட்ட அவ்வளவு பணிவா பேசணும்னு எந்த கட்டாயமும் இல்ல. அதுக்கு மேல, உங்க அனுமதியோட செய்றோம்ங்கிற மாதிரி சஸெதெ இதாதாகிமாஸ் வேற.

"என்னம்மா சொல்றாரு?"ன்னு மேனேஜர்.

"பேசிப் பாக்குறோம்னு சொல்றாரு சார். ஆனா இதோட முடிஞ்சுதுன்னு எனக்குத் தோணுது. அடுத்த ஃபேஸ் நமக்கு வராது."

"அவர் சொன்னாரா, நீயா சொல்றியா?"

"அவர் சொல்லல சார். பேச்சு முடியுற இடம் மாறிடுச்சு. இப்படி பேசவே மாட்டார்."

அவர் ரொம்ப யோசிக்கல. யோசிக்க நேரமும் இல்ல, அந்தப் பக்கம் அவங்க காத்திட்டு இருக்காங்க. "சரி விடும்மா, நம்ம செலவுலயே பண்ணித் தர்றோம்னு சொல்லிடு"ன்னார். நான் மியூட்ட எடுத்துட்டு "கொன்காய் வா ஹெய்ஷா நோ ஃபுதான் தெ தாய்யோ சஸெதெ இதாதாகிமாஸ்"னு சொன்னேன்.

கச்சோ உடனே, "அ, ஹொன்தோ தெஸ் கா. தாசுகாரிமாஸ்." அ, நெஜமாவா, பெரிய உதவின்னு அர்த்தம்.

அந்த "அ"தான். அத மனசுக்குள்ள எத்தனையோ தடவை ஓட்டிப் பாத்துட்டேன். எதிர்பாக்காதவன் சொல்ற "அ" மாதிரி இருக்கு. கதவ சாத்திட்டு நாங்க இறங்கி வர்றோமான்னு பாத்துட்டு இருந்தவரா இருந்தா அப்படி வந்திருக்குமா? நெஜமாவே ஆபீஸ்ல பேசி பட்ஜெட் கேட்டுப் பாக்கலாம்னு நினைச்சவராதான் தெரியுது. ஆனா அதே "அ" நிம்மதியாவும் இருக்கலாம், சண்டை போட்டு உறவ முறிக்க வேண்டியதில்லைங்கிற நிம்மதி. ஒரே ஒரு எழுத்து, எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் வருது.

மறுநாள் அவங்க பக்கத்துல இருந்து கிஜிரோகு வந்துச்சு, மீட்டிங் மினிட்ஸ். வந்தவங்க பேர் பதவி வரிசைல இருக்கும், அதுல முதல் பேர் புச்சோவோடது, கச்சோவுக்கும் மேல இருக்குற டிபார்ட்மென்ட் தலைவர். எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் என் டெஸ்க்ல இருந்துதான் கால்ல பேசினேன், அவங்க மீட்டிங் ரூம்ல இருந்தாங்க, கேமரா ஆஃப். புச்சோ பாதில வந்து உக்காந்திருக்கார், ஒரு வார்த்தை பேசல, யாரும் அறிமுகமும் பண்ணல. மேல இருக்குறவர் பக்கத்துல உக்காந்திருக்கும்போது வெளி கம்பெனிகூட "ரியோகாய், ரியோகாய்"னு எவனும் பேச மாட்டான். அந்த இதாஷிமாஷிதா எங்களுக்காக வந்ததே இல்லாம இருக்கலாம், அந்த ரூமுக்காக வந்ததா இருக்கலாம். எங்க உறவுல ஒண்ணும் மாறாம, ரூம்ல ஒரு நாற்காலில ஆள் வந்ததால மட்டும் மாறியிருக்கலாம். இத அப்பவே தெரிஞ்சிருந்தா நான் மேனேஜர்கிட்ட அப்படி சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா இன்னொண்ணும் தோணுது, புச்சோவே நேர்ல வந்து உக்கார்ற அளவுக்கு விஷயம் முத்திப்போயிருந்துச்சுன்னா நான் பயந்தது சரிதானே?

இதுல இன்னொரு முடிச்சும் இருக்கு. அவர் முன்னாடி பேசின வெறும் ஃபார்ம்லாம் எங்ககிட்ட பேசினதுதானான்னு பின்னாடி சந்தேகம் வந்துடுச்சு. ஜப்பானீஸ்ல தனக்குத்தானே பேசிக்கிற மாதிரி ஒரு முடிப்பு உண்டு. "ஆ, ஸோ கா" (ஓ, அப்படியா), "ஊன், கிபிஷீ நா" (ம், கஷ்டம்தான்) அப்படின்னு முதலாளி முன்னாடிகூட சொல்லலாம், அதுல மரியாதைக் குறைவும் இல்ல, நெருக்கமும் இல்ல, ஏன்னா அது யாருக்கும் சொல்றதே இல்ல. "ஓநெகாய் நெ" எனக்குத்தான் சொன்னார், அதுல டவுட் இல்ல. ஆனா நான் நெருக்கம்னு சேத்து வச்சிருந்த குவியல்ல பாதி அவர் ஸ்கிரீன பாத்துட்டு முணுமுணுத்ததுதானோ? அப்படின்னா அன்னைக்கு அவர் எந்த உயரத்துல இருந்து இறங்கினார், எங்க இருந்து எங்க மாறினார்னே எனக்கு சரியா தெரியாது. நான் போட்ட கணக்குல தொடக்கப் புள்ளியே ஆடுது.

ஜப்பானீஸ் மொழித் தேர்வுல மேல் லெவலான என்-1 பாஸ் பண்ணியிருக்கேன். அந்தப் பரீட்சைல பேசச் சொல்றதே கிடையாது, படிக்கிறதும் கேக்குறதும்தான். கேய்கோ, அதாவது மரியாதைப் பேச்சு பத்தி கேள்வி வரும், யார் யாருக்கு சொன்னா எது சரின்னு. ஒரு மனுஷன் நடுவுல ஏன் மாத்தினான்னு அதுல வராது, வரவும் முடியாது.

அப்புறம் நான் இத எத வச்சு படிச்சேன்னு யோசிச்சுப் பாத்தா அங்கதான் ரொம்ப சங்கடமா இருக்கு. எங்க அக்கா என்னை வாடி போடின்னுதான் கூப்பிடுவா, கோவம் வந்தா மட்டும் "சரிங்க மேடம், நீங்க சொன்னா சரிதான்"ம்பா. அந்த "ங்க" வந்துச்சுன்னா ரெண்டு நாளைக்கு பேச்சு இல்ல. தமிழ்ல பொறந்தவளுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டாம், மரியாதை திடீர்னு ஏறினா பாசம் இறங்கிடுச்சுன்னு காதே சொல்லிடும். அந்தக் காதாலதான் நான் கச்சோவ கேட்டேன். ஜப்பான்லயும் கோவத்துல பேச்சு இப்படி ஏறும், அது நெஜம், சண்டைல புருஷன் பொண்டாட்டிகூட தெஸ்-மாஸ்க்கு போவாங்கன்னு கூட வேலை பாக்குற ஜப்பான்காரங்களே சொல்லியிருக்காங்க. ஆனா நம்மள்ட்ட ஏறுறதுக்கு இருக்குற காரணங்களவிட அங்க காரணம் ரொம்ப அதிகம். யார் பக்கத்துல இருக்காங்க, பேசுறது நானா என் கம்பெனியா, பேச்ச முடிச்சு எழுந்திருக்கப் போறோமா, இது எல்லாத்துக்கும் முடிப்பு மாறும். மீட்டிங் முடியுற கட்டத்துல சும்மா ஒரு சம்பிரதாயமாகூட ஒரு படி மேல போய் முடிப்பாங்க.

உறுத்தல் தாங்காம கேய்கோ பத்தி தேடிப் படிச்சேன். 1952ல அவங்க தேசிய மொழிக் கவுன்சில் இனிமே பேச்சுக்கு அடிப்படை தெஸ்-மாஸ்தான்னு பரிந்துரை பண்ணுச்சு, அதிகப்படியான பணிவெல்லாம் குறையட்டும்னுதான் நோக்கம். 2007ல பண்பாட்டுத் துறையோட கவுன்சில் ஒரு வழிகாட்டி வெளியிட்டு கேய்கோவ அஞ்சு வகையா பிரிச்சுது. அதுல சஸெதெ இதாதாகு பத்தி சொல்லியிருக்குறத பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். எதிராளியோட அனுமதி வாங்கி ஒண்ண செய்யணும், அதனால தனக்கு ஒரு நன்மைன்னு இருக்கணும், இல்ல அப்படி ஒரு உணர்வாவது இருக்கணும், அந்த இடத்துக்குத்தான் அது அடிப்படைல பொருந்தும்னு இருக்கு. கச்சோ தன் ஆபீஸ்ல பேசிக்கிறதுக்கு என் அனுமதி எதுக்கு? அதுல என்னால அவருக்கு என்ன நன்மை? அப்போ இது வெறும் மெத்தைதான், விழுந்தா வலிக்காம இருக்க போட்டது, கென்தோ சஸெதெ இதாதாகிமாஸ்னா பாதி நேரம் 'வேணாம்'னுதான்னு இங்க எல்லாரும் சொல்றதுக்கு இதான் காரணம்னு தோணுச்சு, நான் பண்ணது சரின்னு மனசு கொஞ்சம் ஆறுச்சு. அப்புறம் அதே வழிகாட்டில இன்னொண்ணும் இருக்கு, கேய்கோங்கிறது மேல கீழன்னு நிக்க வைக்கிற ஏணி இல்ல, ஒருத்தர ஒருத்தர் மதிக்கிறது, நிலைமைய பாத்து பேசுறவரே தேர்ந்தெடுக்கிறதுன்னு. அத படிச்சதும் ஆறினது மறுபடி கலங்கிடுச்சு. கச்சோ எங்கள மதிச்சுத்தான் அப்படி பேசியிருந்தார்னா? கஷ்டமான பதில் ஒண்ண கேட்டுட்டு, அத பொறுமையா வாங்கிக்கிட்டு, எங்கள சமமா வச்சு பேசினத நான் மிரட்டல்னு தூக்கிட்டுப் போய் சென்னைல குடுத்துட்டேனா?

அவர்கிட்டயே கேட்டிருக்கலாமேன்னு வீட்ல கேட்டாங்க. அத மட்டும் கேக்க முடியாது. ஏன் கோவப்பட்டீங்கன்னுகூட ஒருத்தர கேட்டுடலாம், ஏன் அப்படி முடிச்சீங்கன்னு கேட்டா அவர் காட்டவே வேணாம்னு நினைச்சத நான் பிடிச்சு இழுத்த மாதிரி ஆயிடும். அடுத்த வருஷம் ஏப்ரல்ல அவருக்கு வேற டிபார்ட்மென்ட் மாத்தல் ஆச்சு. எல்லாருக்கும் சேத்து ஒரு மெயில், எல்லாரும் அனுப்புற அதே வாசகம். எனக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல, இருக்கணும்னு எதிர்பாத்ததும் தப்புதான்.

அந்த வேலைய பண்ணது சென்னைல இருந்த சின்னப் பசங்க. சனிக்கிழமை எல்லாம் வந்து உக்காந்து, வரிக் கணக்க மாத்தி, பழைய பில்ல எல்லாம் திரும்ப ஓட்டி ஒரு யென் வித்தியாசம் வர்ற இடத்தையெல்லாம் தேடிப் பிடிச்சாங்க, அதுக்கு தனியா காசு வரல. அதுல ஒரு தம்பி ஒரு நாள் ராத்திரி கால் முடியுற நேரத்துல கேட்டான், "அக்கா, அவர் நெஜமாவே கோவமா இருந்தாரா?"

"எனக்கு அப்படித்தான்டா கேட்டுச்சு."

"வார்த்தைல எதுவும் சொல்லலையாக்கா?"

"இல்ல."

அவன் அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல, சரிக்கான்னுட்டு வச்சுட்டான். அவன் இடத்துல நான் இருந்திருந்தா கேட்டிருப்பேன்.

அடுத்த ஃபேஸ் எங்களுக்குத்தான் வந்துச்சு. அத வச்சு நான் சொன்னது சரின்னு எங்க மேனேஜர் முடிவு பண்ணிட்டார். நான் வாய மூடிட்டு இருந்திருந்தாலும் வந்திருக்கும்னா என்ன பண்றதுன்னு நான் கேட்டதுக்கு "அத விடும்மா"ன்னுட்டார். வார்த்தைய மட்டும் மாத்திக் குடுக்குறவளா இருந்துடலாம், பாதுகாப்பு அதான்னு நானும் முடிவு பண்ணிப் பாத்தேன். முடியல. காதுல விழுந்தத விழாத மாதிரி வச்சுக்கிட்டு, அப்புறம் காண்ட்ராக்ட் போனா அந்தப் பசங்க மூஞ்சிய எப்படி பாப்பேன். அதனால இப்ப ரெண்டா பிரிச்சு சொல்றேன், இது அவர் சொன்னது, இது எனக்கு கேட்டதுன்னு. பிரிச்சு சொன்னா பொறுப்பும் பிரிஞ்சுடும்னு நினைச்சேன். ஆனா மேனேஜர் ரெண்டாவதத்தான் காத்திருந்து வாங்குறார். எனக்கு அதுமேல இருக்குற நம்பிக்கையவிட அவருக்கு ஜாஸ்தி, ஒவ்வொரு கால் முடிஞ்சதும் "எப்படிம்மா முடிச்சார்?"னு கேப்பார்.

போன வாரம் புது கச்சோகூட மீட்டிங். அதே கேள்வி.

"தெஸ்-மாஸ்தான் சார், வழக்கம்போல."

"அப்போ பிரச்சனை இல்ல."

"பிரச்சனை இல்லன்னு நான் சொல்லல சார். வழக்கம்போலன்னுதான் சொன்னேன்."