1.4.2003க்கு முன்னும் பின்னும்

செங்கோட்டைப் பகுதியில் சார்நிலைக் கருவூலக் கணக்கராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். ஓய்வூதியத்தை அரசியல் கோரிக்கையாக அறிவதற்கு முன்பே, உயிருடன் இருப்பதைக் காட்ட ஆண்டுதோறும் கருவூலத்தில் நடக்கும் நேர்காணலுக்கு வரும் முதியவர்களின் கையிலிருந்த ஓய்வூதியப் புத்தகமாக அறிந்திருந்தேன். வருபவர்களில் குடும்ப ஓய்வூதியம் பெறும் மூதாட்டிகள் ஏராளம். கணவரின் அடிப்படை ஊதியம் என்ன என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் மகன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் தன் கணக்கில் பணம் வந்துவிடும் என்பதையும், 80 வயது நிறைந்தால் 20 விழுக்காடு கூடும் என்பதையும் துல்லியமாக அறிந்திருந்தார்கள்.

அதே மேசைக்குத்தான் 1.4.2003 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியம் இல்லாமல் புதிய திட்டத்துக்குள் வந்தவர்களின் சம்பளப் பட்டியல்களும் வந்தன. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காடு பங்களிப்பு ஓய்வூதியத்துக்குப் பிடிக்கப்படும். அரசும் அதே அளவு செலுத்தும். பணியில் இருக்கும்போதே இறந்துபோன ஓர் ஆசிரியரின் மனைவி, சேர்ந்திருந்த தொகைக்கான பட்டியல் நிறைவேறிய பிறகு, "அப்ப மாசாமாசம் எதுவும் வராதா சார்?" என்று கேட்டார். வராது என்று சொல்ல வேண்டியிருந்தது. நேர்காணலுக்கு அவர் ஒருபோதும் வரவேண்டியதில்லை.

இந்த இழப்பு எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்ட் மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் அன்று போராடியவர்களின் சொந்த ஓய்வூதியம் பழைய திட்டத்திலேயே இருந்தது. புதிய திட்டத்தால் அதிகம் இழக்கவிருந்தவர்கள் அப்போது கல்லூரியிலோ பள்ளியிலோ படித்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஓர் உரிமையை எளிதாக எடுத்துவிட இதைவிட வசதியான வழி கிடையாது என்றே இன்றும் கருதுகிறேன்.

மலைக்கு அந்தப் பக்கமும் இதுவே நடந்தது. 2013 ஜனவரியில் கேரள ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தும், அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் புதிய திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். பழையவர்களுக்கு ஓய்வு வயது 56, இவர்களுக்கு 60. ஆரியங்காவில் பணியில் சேர்ந்த என் உறவுக்காரத் தம்பி, "நாலு வருசம் கூடுதலா வேலை தாராங்க அண்ணாச்சி, அதுக்கு அப்புறம்?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஓய்வு பெற்றவர்களை ஒரு தேதியைக் காட்டிப் பிரித்ததை ஏற்க மறுத்த அந்தத் தீர்ப்பு, பணியில் சேர்ந்த தேதியைக் காட்டிப் பிரிப்பதிலிருந்து என் தம்பியைக் காக்கவில்லை.

ஒன்றிய அரசு 1.4.2025 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில், கடைசி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி உறுதி என்கிறார்கள். சங்கங்கள் விடாமல் போராடியதன் பலன் இது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பாதி முழுமையாகக் கிடைக்க 25 ஆண்டுப் பணி வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புக்காகக் காத்திருந்து நாற்பதைக் கடந்து ஆசிரியரானவர்களின் பணிப்பதிவேடுகள் என் கையில் எத்தனையோ வந்திருக்கின்றன. எந்த அரசு எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும், சங்கத் தலைவர்கள் கையொப்பமிடுவதற்கு முன் இவர்களுடைய பணிக்காலத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.