தைப்பிங் போகும் பிள்ளை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு வீட்டுப் பையன் ஜெயிலுக்குள் போய்விட்டால் அக்கம்பக்கத்தில் சொல்ல ரெண்டு பதில்தான், சிங்கப்பூரில் வேலை, இல்லையென்றால் கப்பலில். கேட்பவருக்கும் விஷயம் தெரியும், ஆனாலும் கேட்பார். அந்த வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் உட்கார்ந்து, "ஆண்ட்டி, அண்ணன் மேல என்ன செக்‌ஷன் போட்டிருக்காங்க?" என்று கேட்டவள் என்னிடம் டியூஷன் படித்த பிள்ளை. அப்புறம் சட்டம் படிக்கப் போனாள். அவள் இறந்து ஒரு வருடம் ஆகிறது. பெயரைப் போட வேண்டாம் என்று அவள் அம்மா சொன்னார், போடவில்லை.

எல்லோரும் அவளுக்கு நல்ல மனசு என்கிறார்கள். மனசு இருந்தது, சரி. ஆனால் அந்தக் குடும்பங்களுக்கு உதவியது அவளுடைய ஃபைல்தான். வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் குற்றப்பத்திரிகை, வழக்கு எண், வக்கீலின் போன் நம்பர், சிவப்பு மையில் கைதான தேதி. விடுமுறையில் வந்தால் 1879-இல் வெள்ளைக்காரன் கட்டிய தைப்பிங் ஜெயிலுக்கு யாராவது ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாள், ஐ.சி. (அடையாள அட்டை) எடுத்தாச்சா என்று வழியெல்லாம் கேட்டபடி.

சில குற்றங்களுக்கு நீதிபதி தூக்கைத் தவிர வேறு தண்டனை கொடுக்க முடியாது என்றிருந்த கட்டாயத் தூக்குத் தண்டனை 2023 ஜூலையில் நீங்கியது. மேல்முறையீடு எல்லாம் முடிந்து தூக்குக்குக் காத்திருந்தவர்களும், சாகும்வரை சிறை என்றிருந்தவர்களும் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் தண்டனையை மறுபரிசீலனை செய்யக் கேட்கலாம் என்று செப்டம்பரில் இன்னொரு சட்டம் அமலுக்கு வந்தது, அவகாசம் 90 நாள். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் உயிர் விவகாரம் அது, எங்கள் தோட்டத்து லயத்துப் பாட்டிகளுக்கு அதை யார் விளக்குவது? அந்த செமஸ்டரில் அவளுக்கு மார்க் இறங்கியது, நானே திட்டினேன். "அடுத்த செமஸ்டர் வரும் டீச்சர், இந்த 90 நாள் வராது" என்றாள்.

பொய் நம்பிக்கை மட்டும் கொடுக்க மாட்டாள். 39பி பிரிவில், அதாவது போதைப்பொருள் கடத்தல் வழக்கில் பேரன் மாட்டிய ஒரு பாட்டியிடம், "விண்ணப்பம் போட்டா வீட்டுக்கு வந்துருவான்னு நினைக்காதீங்க பாட்டி, 30 வருஷம் கொடுக்கலாம், பிரம்படியும் இருக்கும்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். "உசுரு இருக்கும்ல?" என்று கேட்டார் பாட்டி. அந்தப் பேரனுக்குத் தூக்கு போய், கைதான நாளிலிருந்து கணக்கிட்டு 30 வருடமானது. சிவப்பு மை எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஃபைல்களை இப்போது அவள் கூடப் படித்த ஒரு பிள்ளை பார்க்கிறாள், அவளிடம் கார் இல்லை. மாதம் ஒரு நாள் தைப்பிங்குக்கு வண்டி ஓட்ட யாராவது வந்தால் சொல்லுங்கள், பெட்ரோல் செலவு என்னுடையது.