நானும் கறக்கத்தான் போகிறேன்

அப்பா நெல்லிக்குப்பத்தில் மாட்டுக்கு மடி கழுவுகிற நேரத்துக்கு நான் புதுச்சேரி பஸ் ஏறிவிடுவேன். ஆஸ்பத்திரியில் நானும் கறக்கத்தான் போகிறேன் என்றால் கிண்டல் செய்கிறேன் என்று நினைப்பார். ஆனால் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி ஸ்கேன் எடுக்கிற நியூக்ளியர் மெடிசினில், அந்த மருந்துக்கான டெக்னீசியத்தைத் தருகிற ஜெனரேட்டருக்குப் பசு என்றுதான் பெயர்.

ஈயக் கவசத்துக்குள் ஒரு சின்னக் குழாய், அதில் அலுமினாப் பொடி, பொடியில் ஒட்டிக்கொண்டு மாலிப்டினம்-99 என்கிற கதிரியக்கப் பொருள். 66 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும், அப்படிக் குறையக் குறைய நமக்கு வேண்டிய டெக்னீசியம்-99எம் ஊறிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் சலைனை மாட்டி, மறுபக்கம் காற்றை உறிஞ்சி எடுத்த குப்பியைக் குத்தினால் போதும், குப்பியே சலைனை இழுத்துக்கொள்ளும், டெக்னீசியம் அதோடு கரைந்து வந்துவிடும். மாலிப்டினம் பொடியிலேயே நிற்கும். நிற்க வேண்டும்! கசிந்து வந்தால் நோயாளிக்கு வீணாகக் கதிர் ஏறும். அதனால் கறந்ததும் குப்பியைத் தடித்த ஈய டப்பாவில் வைத்து அளப்போம். டெக்னீசியத்தின் கதிருக்கு ஆற்றல் 140 கேஇவிதான், ஈயத்தைத் தாண்டாது, மாலிப்டினத்தின் 740 கேஇவி தாண்டும், இருந்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். பாலில் தண்ணீர் பார்ப்பது போலத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பல நாள் மருந்துக்குப் பதில் கலர் தண்ணீரை வைத்துத்தான் எனக்குப் பயிற்சி. கவசத்துக்குப் பின்னாலிருந்து சிரிஞ்சில் அளவாக எடுத்து, ஊசியை மூடி, டப்பாவில் வைக்க வேண்டும். அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, இங்கே பயந்து தயங்குகிற கைதான் கதிரை அதிகம் வாங்கும். அதே வேலையை இரண்டு மடங்கு நேரம் செய்தால் இரண்டு மடங்கு டோஸ், இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால்வாசி.

ஒருநாள் ஊசியை உருவும்போது ஒரு துளி கையுறையில் பட்டது, பார்க்கவில்லை, அதே கையால் டிராயரை இழுத்துவிட்டேன். சாயங்காலம் கதிர் இருக்கிறதா என்று பார்க்கிற சர்வே மீட்டரைக் கொண்டுபோனால் கைப்பிடிக்கிட்ட கடகடவென்று கத்துகிறது. சீனியர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அது இன்னும் மோசம். ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்றி ஒற்றித் துடைத்து, டிஷ்யூ, கையுறை எல்லாவற்றையும் பையில் கட்டி, தேதியும் நேரமும் எழுதி ஈயத் தொட்டியில் போட்டோம். டெக்னீசியத்துக்கு அரை ஆயுள், அதாவது பாதியாகிற நேரம், 6 மணி நேரம்தான், 60 மணி நேரம் போனால் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு, அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பைக்கு.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, வேளைக்கு எத்தனை லிட்டர்?" என்றார்.

பத்து மில்லி என்றேன்.