ஆடற்கூடத்து லூட்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 9

மூன்றாண்டுகளாக லூட் எனும் பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியத்தைப் பயின்று வருகிறேன். நான் வாசிப்பவற்றுள் பாதிக்கு மேல் நடனத்தின் பெயரைத் தாங்கியவை என்பது இன்றுதான் உறைத்தது. பவான், கல்யார்ட், சால்டரெல்லோ, பிரான்ல் என்று தாளுக்குத் தாள் பெயர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மெய்யாகவே யாரேனும் ஆடினார்களா, ஆடினார்கள் என்றால் வாசித்தவர் அருகே அமர்ந்திருந்தாரா என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

கேள்வியைக் கிளப்பியது ஒரு சிறு குறிப்பு. வெனிஸில் பெத்ரூச்சி 1508-இல் அச்சிட்ட டால்சாவின் லூட் நூலில், இதிலுள்ள பவான் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய சால்டரெல்லோவும் பீவாவும் உண்டு என்று சொல்லப்பட்டிருக்கிறது. பவான் இணை இணையாக நிதானமாக நடந்து செல்லும் ஆட்டம்; சால்டரெல்லோ துள்ளல்; பீவா அதனினும் விரைவு. வெறுமனே கேட்பவருக்கு இந்த வரிசை ஒரு பொருட்டாக இராது. ஆடுபவருக்கோ, முதலில் நடந்து, பிறகு துள்ளி, கடைசியில் மூச்சு வாங்கும் ஒரு மாலைப்பொழுதே இந்த வரிசைக்குள் அடங்கிவிடுகிறது.

ஜனவரி 12

பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வாத்தியங்களை உரத்தவை, மெல்லியவை என்று இரண்டாகப் பிரித்திருந்தனர். பெருங்கூடத்து நடனம் உரத்தவற்றின் ஆட்சியில் இருந்தது; ஷாம் எனும் நாதக் குழல்களும் இழுப்பு எக்காளமும் மாடத்தில் இருந்து முழங்கின. லூட்டும் ஹார்ப்பும் மெல்லியவற்றின் பக்கம். ஆக, எங்கே ஆடினார்கள், எத்தனை பேர் ஆடினார்கள் என்று கேட்டால்தான் லூட்டின் இடம் தெரியவரும் போலிருக்கிறது.

ஜனவரி 20

காரோசோவின் நூலுக்குள் ஒரு வாரமாக மூழ்கிக் கிடக்கிறேன். ஃபாப்ரித்சியோ காரோசோ செர்மொனேத்தா ஊரைச் சேர்ந்த நடன ஆசான். அவருடைய 'இல் பல்லரினோ' 1581-இல் வெனிஸில் வெளிவந்தது. முதற்பகுதி காலடிகளின் இலக்கணம். இரண்டாம் பகுதியில் நடனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஒவ்வொன்றும் ஓர் உயர்குடிப் பெண்மணிக்குக் காணிக்கை. எந்தக் காலை எப்போது எடுப்பது, எங்கே வணங்குவது, எவ்விடத்தில் கைபிடிப்பது என்று உரைநடையில் விளக்கிய பிறகு, அந்த நடனத்துக்கான இசை லூட்டின் விரற்குறியாக அச்சிடப்பட்டிருக்கிறது. ஆறு கோடுகள் ஆறு நரம்பு வரிசைகளைக் குறிக்கின்றன. கோட்டின் மேல் உள்ள எண், நரம்பை வாத்தியக் கழுத்தின் குறுக்கே உள்ள எந்தக் கட்டில் அழுத்துவது என்பதைச் சொல்கிறது. இத்தாலிய முறையில் மிக உச்சமான நரம்பு கீழ்க்கோட்டில் இருப்பதால், பிரெஞ்சு எழுத்து முறையில் பழகிய எனக்கு முதல் இரண்டு நாட்கள் எல்லாம் தலைகீழாகவே தெரிந்தன.

நடன நூலுக்கு ஏன் லூட்டின் குறிமுறை? வயலின் பகுதிகளாகவோ குழல் பகுதிகளாகவோ எழுதினால், இசை நிறைவாகக் கேட்க நான்கைந்து பேர் கூட வேண்டும். லூட் குறியிலோ மேற்குரல், அடிக்குரல், தாளம் மூன்றும் ஒருவர் கைக்குள் அடங்கிவிடுகின்றன. வீட்டில் பயிலும் ஒரு குடும்பத்துக்கோ வீடு வீடாகச் சென்று கற்பிக்கும் ஆசானுக்கோ இதைவிட வசதியானது வேறென்ன இருந்திருக்கும்? மிலானில் 1602-இல் வெளிவந்த செசாரே நேக்ரியின் நடன நூலும் லூட் குறியைக் கைவிடவில்லை. கூடவே மேற்குரலைச் சாதாரண இசைக்குறியிலும் தந்தது. கூடத்தில் இசைக்குழு முழங்கியிருக்கலாம். ஆனால் நடனம் மனத்தில் பதிந்ததும் ஊர்விட்டு ஊர் சென்றதும் லூட்டின் வழியாகத்தான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். பல்லெத்தோ எனும் பல பகுதி நடனங்கள் பலவற்றில் இரண்டிரண்டாக எண்ணும் ஒரு மெட்டு முதலில் வருகிறது. பிறகு அதே மெட்டு மூன்று எண்ணிக்கைக்கு மாற்றப்பட்டுக் கல்யார்ட் ஆகவும் சால்டரெல்லோவாகவும் உருவெடுக்கிறது. எப்பகுதியை எத்தனை முறை வாசிப்பது என்ற குறிப்பும் உடன் இருக்கிறது. அது கால்களுக்காக எழுதப்பட்ட குறிப்பு. என் காதுக்கு இரண்டு முறையே போதுமாக இருந்தது.

ஜனவரி 23

தங்கையை அழைத்து முன்கூடத்தில் ஒரு சோதனை செய்தேன். கல்யார்ட்டின் அடிப்படை, ஐந்தடி என்று பெயர் பெற்றது. ஆறு எண்ணிக்கைக்குள் முதல் நான்கில் கால்களை மாற்றி மாற்றி முன்வீசி, ஐந்தில் மேலெழும்பி, ஆறில் ஒரு காலை முன்வைத்து இறங்கி நிற்க வேண்டும். இசையைப் பார்த்தால், மூன்று சம நீள ஒலிகளுக்குப் பின் நான்காவது ஒலி நீண்டு ஐந்துக்குள் பாதி தூரம் செல்கிறது, ஒரு குட்டி ஒலி, பிறகு ஆறு. அதாவது, ஆடுபவர் தரையை விட்டு எழும்பும் கணத்தில் புதிய மீட்டல் எதுவும் விழுவதில்லை, முன்னே மீட்டிய நரம்பு அடங்கிக்கொண்டிருக்கிறது. மீட்டிய நொடியிலிருந்தே தேயத் தொடங்கும் லூட்டின் ஒலியை ஒரு குறை என்றே இதுவரை எண்ணியிருந்தேன். தங்கையோ அந்தத் தேய்வைப் பிடித்துக்கொண்டே மேலெழும்பினாள்.

அடுத்து கனாரியோவை எடுத்தோம். அதில் தரையை ஓங்கி மிதிக்கும் அடிகள் உண்டு. நான்காவது மிதியிலேயே, “அண்ணா, நீங்க வாசிக்கிறது எனக்குக் கேக்கவே இல்ல” என்றாள். ஒருத்தியின் வெறுங்காலுக்கே இந்த நிலை என்றால், இருபது பேர் தோல் செருப்பணிந்து ஆடும் மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜனவரி 31

இன்று பாசமெத்சோ எனும் நடன இசை. இதில் மேற்குரலை விட அடிக்குரலின் ஓட்டமே முக்கியம். குறிப்பிட்ட சில ஒலிகள் குறிப்பிட்ட வரிசையில் திரும்பத் திரும்ப வரும். ரொமனேஸ்காவும் இதே இனம்தான். அடிவரிசை கையில் பழகிவிட்டால், ஆடுபவர் களைக்கும் வரை ஏடு பார்க்காமல் வாசிக்கலாம், ஒவ்வொரு சுற்றிலும் மேலே புதிதாக எதையாவது பின்னலாம். எனக்கு மூன்றாம் சுற்றுக்கு மேல் புதிதாக எதுவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 6

போட்டியாளரைப் பற்றியும் எழுதியாக வேண்டும். லியோனில் 1556-இல் வெளியான தம் நூலில் ஃபிலிபேர் ஜாம்ப் த ஃபேர், வயலினை நடனத்துக்குரிய வாத்தியம் என்றே குறிப்பிடுகிறார். சுருதி சேர்ப்பதும் தூக்கிச் செல்வதும் எளிது என்பவை அவர் தரும் காரணங்களுள் சில. லாங்ரே நகரத்துத் திருச்சபைக்காரர் ஒருவர் துவானோ ஆர்போ என்ற புனைபெயரில் 1589-இல் வெளியிட்ட நடன நூலோ, தன் திருமணத்தில் ஷாமும், சாக்பட் எனும் பழைய டிராம்போனும் ஒலிக்க வேண்டும் என்று விரும்பாத எளிய தொழிலாளி எவனும் இல்லை என்கிறது. நடன ஆசான்களும் நாளடைவில் மேலங்கிப் பைக்குள் அடங்கும் குட்டி வயலினுக்கு மாறிவிட்டனர்.

ஆயினும் லூட் அரண்மனை மண்டபத்தை விட்டு எளிதில் வெளியேறவில்லை, எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டது. 1607 ஜனவரி 6 அன்று வைட்ஹால் அரண்மனையில், ஹே பிரபுவின் திருமணத்துக்காகத் தாமஸ் காம்பியன் அமைத்த முகமூடி நாடகத்தில், ஒருபுறம் லூட்டுகள், பாண்டோரா எனும் கம்பி நரம்பு வாத்தியம், சாக்பட், ஹார்ப்சிகார்டு எனும் விசைப்பலகை வாத்தியம் ஆகியவற்றோடு இரண்டு வயலின்களுமாகப் பத்துப் பேர். மறுபுறம் ஒன்பது வயலின்களும் மூன்று லூட்டுகளும். இரண்டுக்கும் எதிரொலியாகக் கார்னெட் எனும் ஊதுகுழல்கள் ஆறு. ஒன்பது வயலின்களுக்கு நடுவே மூன்று லூட்டுகள் எதற்கு என்று முதலில் வியந்தேன். வில்லால் இழுக்கும் ஒலி எந்தக் கணத்தில் பிறக்கிறது என்பது அத்தனை கூர்மையாகத் தெரியாது; மீட்டும் நரம்புக்கு அந்தக் கூர்மை உண்டு. ஆடும் காலுக்கு அது உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

பிப்ரவரி 14

பவான் மூன்று பகுதிகள் கொண்டது, ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும், நீளத்தை நான்கு நான்காகக் கணக்கிட வேண்டும் என்று ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் மார்லி 1597-இல் எழுதினார். ஆடுபவரின் அடிக்கணக்கு இசையமைப்பவருக்குச் சட்டமாகியிருக்கிறது. சட்டம் நிலைத்தது, ஆடுபவர் விலகிப் போனார். ராபர்ட் டௌலண்டு 1610-இல் வெளியிட்ட தொகுப்பின் 42 பாடங்களில் ஏழு மட்டுமே ஃபேன்டசி, அதாவது நடனம் சாராத கற்பனைப் படைப்பு. மற்றவை பவான், கல்யார்ட், ஆல்மன், கூரான்ட், வோல்ட் என வகைக்கு ஏழு. பெயரெல்லாம் நடனம், பலவும் நாற்காலியில் அமர்ந்து கேட்பதற்கானவை.

இதையும் சோதித்தேன். ராபர்ட்டின் தந்தை ஜான் டௌலண்டு அமைத்த கேப்டன் பைப்பர் கல்யார்ட்டை வாசிக்க, தங்கை முதற்பகுதியைத் தடையின்றி ஆடினாள். அதே பகுதி பொடி ஒலிகளாகப் பிரிந்து திரும்ப வந்தபோது எண்ணிக்கையைத் தவறவிட்டு நின்றுவிட்டாள். பழியில் பாதி என் விரல்களைச் சேரும்.

பிப்ரவரி 15

இரவு பத்து மணி. அலங்காரங்களை எல்லாம் உதிர்த்துவிட்டு, அதே கல்யார்ட்டின் எலும்புக்கூட்டை மட்டும் மெதுவாக வாசித்துப் பார்த்தேன். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வரவில்லை. இரண்டாம் சுற்றில், சரியாக ஆறாவது எண்ணிக்கையில், சுவருக்கு அப்பால் தரை ஒருமுறை அதிர்ந்தது.