இடது காது

ஆடி 3
ஓட்டை இன்னும் மூடவில்லை. குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு. நீச்சல் குளம் கூடாது. கடலைப் பற்றிக் கேட்டேன். "முதலில் செவிப்பறை ஆறட்டும்" என்றார் டாக்டர்.

ஆடி 5
அக்கா மாலத்தீவின் ஹனிஃபரு வளைகுடாவிலிருந்து படம் அனுப்பியிருக்கிறாள். மான்டா திருக்கையின் வெள்ளை வயிறு, செவுள்களுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள். ஒன்றின் புள்ளி இன்னொன்றுக்கு வராது, அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். ராத்திரி முழுக்க அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத்தான் நேரில் பார்க்க வேண்டும்.

ஆடி 8, அமாவாசை
மேட்டூரில் அப்பாவுக்குத் தர்ப்பணம். எல்லோரும் காவிரியில் முங்கி எழுந்தார்கள். நான் தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. அப்பா கோபித்துக்கொள்ள மாட்டார்.
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மாலத்தீவில் கடல் ஏற்றம் பெரிது. தென்மேற்குப் பருவத்தில் மிதவை உயிரிகள் அந்தச் சின்ன வளைகுடாவுக்குள் வந்து அடைபடும். திருக்கைகள் வாயைத் திறந்தபடி ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி மேயும். இன்றைக்கும் வந்திருக்கும்.

ஆடி 12
வலி இல்லை. கொய்ங் என்ற சத்தம் மட்டும்.

ஆடி 14
எஸ்டேட் கணக்கு முடித்து ஏற்காட்டிலிருந்து கடைசி பஸ். 20 கொண்டை ஊசி வளைவு. பாதி மலையில் வலது காது அடைத்தது, எச்சில் விழுங்கினேன், திறந்தது. இடது காது அடைக்கவே இல்லை. ஓட்டை இருந்தால் அடைக்காது, காற்று உள்ளே வெளியே போய்க்கொண்டே இருக்கும். அது அடைக்கட்டும் என்று அடிவாரம் வரை காத்திருந்தேன்.
மலை முழுக்க இறங்கினாலும் காதில் கூடும் அழுத்தம், கடலில் ஒரு மீட்டர் சொச்சம் இறங்குவதற்குத்தான் சமம். ஆழம் எனக்கு வேண்டாம். ஹனிஃபருவில் சிலிண்டர் கட்டி இறங்கவே விடுவதில்லை, மேலே மிதந்துதான் பார்க்க வேண்டும். நல்ல விதி அது. ஆனால் அலையடித்து ஓட்டை வழியாகக் குளிர்ந்த நீர் உள்ளே போனால் தலை சுற்றும். மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போய்விடும். தண்ணீரே ஆகாது என்பது அதனாலும்தான்.

ஆடி 18
சித்ரான்னம். அம்மாவுக்கு இன்னும் வால் முள் பயம். "திருக்கை முள்ளு விஷம் கண்ணு, வேண்டாம்." மான்டாவுக்கு அந்த முள் கிடையாது என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நாம் தொட்டால் அதற்குத்தான் கெடுதல், தோல் மேலிருக்கும் வழவழப்பு போய்விடும். 3 மீட்டர் தள்ளியே இருப்பேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்தேன். நம்பவில்லை.

ஆடி 22
அடைத்தது! இடது காதும் அடைத்தது! பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை.

ஆடி 24, பௌர்ணமி
அக்கா போன். "தம்பி, வந்திருக்கு. டிக்கெட் போடட்டுமா?" நவம்பர் வரை வருமாம். திங்கட்கிழமை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும் என்று அம்மா. அக்டோபருக்குப் போடச் சொல்லிவிட்டேன்.

ஆடி 25
கடலில் மிதந்து பார்க்க மாட்டும் முகக் கண்ணாடி வந்துவிட்டது. புதுசு பனி பூக்குமாம், உள்பக்கம் பற்பசை தேய்த்துக் கழுவ வேண்டும்.