லெஃப்ட்டுன்னா எந்தப் பக்கம்

ஜூன் 3

யோகாவ வச்சு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குற கிளாஸ் ஆரம்பிச்சாச்சு. கோயிலுக்குப் பின்னாடி சங்க ஹால் மாடி, மத்தியானம் மூணரை. தாராவில வேற நேரமே கிடைக்காது, விடியுறதுக்குள்ள இட்லி, அப்புறம் தண்ணி பிடிக்கணும், அப்புறம் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பணும். 11 பேர் வந்தாங்க. வெறும் வயித்துல வரணும்னு சொன்னா "இன்னும் சாப்பிடவே இல்ல டீச்சர்"ங்குறாங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போய் சுவரோரமா பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சேன், வீட்ல தனியா விட்டா அந்த இடத்தையே தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு இருப்பா.

ஜூன் 5

ரூல் ஒண்ணுதான், ஹால்ல தமிழ் கிடையாது. நான் இங்கிலீஷ்ல சொல்லி செஞ்சு காட்டுவேன், அவங்க செய்யணும், பேச வேணாம். பி.எட்.ல படிச்சது இது. ஜேம்ஸ் ஆஷர்னு கலிஃபோர்னியா சான் ஹோசேல இருந்த சைக்காலஜிக்காரர், 1960கள்ல கொண்டு வந்த முறை. குழந்தை பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வா, உட்காரு, கையக் காட்டுன்னு கேட்டுக் கேட்டு உடம்பாலயே புரிஞ்சுக்குதுல்ல, பெரியவங்களுக்கும் அப்படித்தான்னு சொன்னாரு. வாய் தானா திறக்குற வரைக்கும் விட்டுரணும். அவர் எழுந்திரு, நட, கதவத் திறன்னு வச்சிருந்தாரு, நான் தாடாசனம் வச்சிருக்கேன். யோகா டீச்சர் பேசுறது முழுக்க கட்டளைதானே. ஸ்டாண்ட். லிஃப்ட். பெண்ட். ஹோல்ட். பிரீத் அவுட்.

ஜூன் 7

ரிப்போர்ட் வரல.

ஜூன் 10

மழை பிடிச்சுருச்சு. ஹால் மூலைல ஒழுகுது, பக்கெட் வச்சுட்டு நடத்துனேன்.

போர்டுல ஒரு ஆள வரைஞ்சு உறுப்பு பேரெல்லாம் எழுதுனேன். எட்டாவது வரை படிச்ச ஒரு அக்கா எழுத்துக்கூட்டி "க்னீ"ன்னா. அந்த கே ஊமைன்னேன். தம்-ல பி ஊமை, ரிஸ்ட்ல டபிள்யூ ஊமை, மசில்ல சி ஊமை, பாம், காஃப் ரெண்டுலயும் எல் ஊமை. உடம்புலதான் இவ்ளோ ஊமை எழுத்து இருக்குன்னு எனக்கே இன்னைக்குத்தான் உறைச்சுது. இட்லி அக்கா சொல்லுதா, "சொல்லப்போறதில்லன்னா எதுக்கு டீச்சர் எழுதணும், ரேசன் கார்டுல செத்தவன் பேரு மாதிரி." தமிழ் கூடாதுங்குற ரூல் அங்கயே போச்சு, எல்லாரும் சிரிச்சு முடிக்க பத்து நிமிஷம். நோட்ல தமிழ்லதான் எழுதிக்கிறாங்க, "பாம்"னு எழுதிட்டு இது வெடிக்கிறதா, தலைவலிக்குத் தேய்க்கிறதா, உள்ளங்கையான்னு கேக்குறாங்க, கரெக்டான கேள்வி. இட்லி அக்காவுக்கு உடனே மனசுல நின்னது ரிஸ்ட் மட்டும். மாவு அள்ளி அள்ளி வலது ரிஸ்ட் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிக் கிடக்கு.

அம்மா வாயே திறக்கல. பக்கெட்டப் பாத்துட்டு இருந்தா.

ஜூன் 13

"செஸ்ட் அப்"னு சொன்னா அத்தன பேரும் நைட்டி மேல போட்ட துண்ட இழுத்து விடுறாங்க. செஸ்ட்னா நெஞ்சுதான்கா, ஒண்ணும் தப்பா சொல்லலன்னேன். டாக்டர் சீட்டுல இருக்கது வேற வார்த்தை. அத எந்த மொழியிலயும் எங்க வீட்ல சத்தமா சொன்னதில்ல. அம்மாவுக்கு "அந்த இடம்." டாக்டர்கிட்டயும் சேலைக்கு மேலயே "இங்கன"ன்னு காட்டிட்டு வந்தா.

ஊசி போட்டு எடுத்து இன்னையோட ஒம்பது நாள்.

ஜூன் 17

மானம் போச்சு.

மூணாம் மாடி அத்தை வரும்போதே கோவமா வந்தாங்க. பேத்தி ஒண்ணாப்பு, ஸ்கூல்ல மிஸ் ஷோ யுவர் லெஃப்ட் ஹேண்ட்னு கேட்டிருக்காங்க, அவ வலது கையக் காட்டியிருக்கா. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா எங்க பாட்டி, பாட்டி இங்கிலீஷ் கிளாஸ் போறாங்கன்னு சொல்லியிருக்கா. "ஏ பிள்ள, லெஃப்ட்டுன்னா எந்தக் கை?" நான் என் இடது கையத் தூக்குனேன். எதிர்ல 11 பேரும் டக்குனு வலது கையத் தூக்குனாங்க.

அப்பத்தான் புரிஞ்சுது. ரெண்டு வாரமா அவங்களப் பாத்து நின்னு லிஃப்ட் யுவர் லெஃப்ட் ஹேண்ட்னு என் இடதத் தூக்கிட்டு இருக்கேன், அவங்க கண்ணாடி மாதிரி நேரெதிர்ல இருக்க கையத் தூக்குறாங்க. எதிர்ல நிக்குற டீச்சர் லெஃப்ட்னு சொல்லிட்டுத் தன் வலதத் தூக்கணும், யோகா ட்ரெயினிங்ல மொத வாரமே சொல்லிக் குடுத்த விஷயம். என் புத்தி எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தமிழ்ல ஒரு தடவை "இடது"ன்னு சொல்லியிருந்தா தீந்திருக்கும், ரூல் வேற.

இட்லி அக்கா சட்னி பாக்கெட்டுக்குப் போடுற ரப்பர் பேண்ட் ஒரு கொத்து எடுத்தா, எல்லாருக்கும் இடது கைல ஒண்ணு. இதுதான் லெஃப்ட், முடிஞ்சுது. அம்மாவுக்கும் போட்டு விட்டா.

ஜூன் 18

தூக்கம் வரல. ஸ்கேன் எடுத்த பொண்ணும் எதிர்ல நின்னுதானே எடுத்தா. அவ லெஃப்ட்னு எழுதுனது யாரோட லெஃப்ட்? ரெண்டு மணிக்கு எழுந்து ஃபைலப் பிரிச்சு மூணு காகிதமும் பாத்தேன், மூணுலயும் லெஃப்ட்தான். அம்மாவோட இடதுதான். தெரிஞ்சதுதான். திரும்பவும் பாத்தேன்.

ஜூன் 21

யோகா தினமாம். 2014ல ஐ.நா. அறிவிச்சு 2015லருந்து நடக்குது, வருஷா வருஷம் இன்னைக்கு மட்டும் நம்ம மேல எல்லாருக்கும் பாசம் வரும். ஒருத்தர் பேனரோட போட்டோ எடுக்க வந்தாரு. அவர் வந்த நேரம் சவாசனம், 11 பேரும் நிஜமாவே தூங்கிட்டாங்க, ராத்திரி மூணு மணிக்கு எழுந்த உடம்பு. எழுப்ப மாட்டேன்னுட்டேன். அப்படியே போயிட்டாரு.

ஜூன் 24

ஒரு விஷயம் அரிச்சுட்டே இருக்கு. மூணு வாரத்துல இவங்க கத்துக்கிட்டதெல்லாம் அடுத்தவங்க சொன்னா கேக்குற இங்கிலீஷ். நில்லு, குனி, படு. வீட்டு வேலைக்குப் போற எடத்துல இது ஏற்கனவே ஹிந்தில தினம் கேக்குறதுதான், அதுக்கு நான் எதுக்கு. ஆஷர் முறைய திட்டுறவங்களும் இதைத்தான் சொல்லுவாங்க, கட்டளையத் தாண்டி நகர மாட்டேங்குதுன்னு. ஆனா சமயம் வந்தா ஸ்டூடண்டே கட்டளை போடணும்னு அவரும் சொல்லியிருக்காரு, நான்தான் விட்டுட்டேன்.

அதனால இன்னைக்கு நான் பாய்ல, அவங்க சொல்லணும். மொதல்ல வெக்கம், அப்புறம் விடல, பெண்ட் பெண்ட்னு என்ன மடிச்சே போட்டுட்டாங்க. அப்புறம் ஸ்டாப், வெயிட், நாட் திஸ் சைட். அப்புறம் வலி. எல்லாத்துக்கும் பெயின்னா டாக்டருக்கு என்ன புரியும்? குத்துதுன்னா பிரிக்கிங், எரியுதுன்னா பர்னிங், இழுக்குதுன்னா புல்லிங், விண்ணு விண்ணுன்னா த்ராபிங், கனமா இருந்தா ஹெவி. மரத்துப் போனா நம். "அதுலயும் பி ஊமையா?" ஆமாக்கா. "குடையுதுன்னா?" அதுக்கு ஒத்த வார்த்தை எனக்குக் கிடைக்கல, நீங்களே கையால காட்டிருங்கன்னேன்.

ஜூன் 26

வந்துருச்சு.

ஜூன் 27

கிளாஸ் இல்ல.

ஜூலை 1

பரேல் ஆஸ்பத்திரி. சயான்லருந்து ஸ்லோ ட்ரெயின், மூணாவது ஸ்டேஷன், அதுக்குள்ள அம்மா ரெண்டு தடவை இறங்கட்டுமான்னு கேட்டா. வரிசைல நாலு மணி நேரம். உள்ள சின்ன வயசு டாக்டர், ஹிந்தில கேட்டாங்க, அம்மா தரையையே பாத்துட்டு இருந்தா. நான் பதில் சொல்ல வாயத் திறந்தேன், டாக்டர் கையமர்த்திட்டு அம்மாவப் பாத்து விச் சைடுன்னாங்க.

அம்மா ரப்பர் பேண்ட் போட்ட கைய முடிஞ்ச வரைக்கும் தூக்குனா. "லெஃப்ட்."

பெயின்?

"நோ பெயின். ஹெவி."

டாக்டர் அப்படியே எழுதிக்கிட்டாங்க. நான் ஃபைலக் கீழ போட்டுட்டேன்.

ஜூலை 3

நாளைக்கு அட்மிஷன். ஆதார், பழைய சீட்டெல்லாம், முன்னாடி பட்டன் வச்ச நைட்டி ரெண்டு. கிளாஸ இட்லி அக்கா பாத்துக்கிறேன்னுட்டா, அவங்களுக்கு முதுகக் காட்டி நின்னுக்கோங்கக்கான்னு சொல்லியிருக்கேன். ரப்பர் பேண்ட கழட்டும்மான்னா மாட்டேங்குறா, கைல தடம் பதிஞ்சு போச்சு. பிளாஸ்க் மூடியக் காணோம்.